எல்லைப்புறத் தமிழும் மேலாதிக்கக் கருத்தாக்கமும்

மேலாதிக்கம் என்னும் சொல் தமிழில் பெரும்பாலும் அடக்குமுறை என்ற பொருளிலேயே வழங்குகிறது. அதன் ஐரோப்பிய மூலச்சொல்லோ பண்டைக் கிரேக்க நகர அரசுகளின் கூட்டணியில் ஓர் அரசு ஏற்ற தலைமையைக் குறித்தது. இத்தாலியச் சிந்தனையாளர் அந்தோனியோ கிராம்சி (1891-1937) அதற்குப் புதுப்பொருள் தந்தார். ஆளும் பிரிவினர் தம் நலனையே பொதுநலனாக ஆளப்படுவோரும் ஏற்கச் செய்கின்றனர். வலிமை அதற்குப் பின்னணியாக நிற்கிறது. இக்கருத்தை 1980களில் ராபர்ட் காக்ஸ் பன்னாட்டு உறவுகளுக்கும் விரித்தார். கிராம்சி துரின் பல்கலைக்கழகத்தில் மாத்தேயோ பார்தொலியிடம் மொழியியல் பயின்றவர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. ஒரு வட்டாரத்தின் மொழி வடிவம் தன் மதிப்பின் வலிமையால் அண்டை வட்டாரங்களுக்குப் பரவுதல் பார்தொலியின் ஆய்வுப் பொருள். கிராம்சி சிறையில் 1935இல் எழுதிய இறுதிக் குறிப்பேடும் இலக்கணம் பற்றியதே.

கேரளத்தின் எல்லைப்புறத் தமிழர் நிலையை விளக்க இக்கருத்து பெரிதும் உதவும். 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. தேவிகுளத்தில் தமிழரே பெரும்பான்மையர் என்பதை 1955இல் அறிக்கையளித்த மாநிலச் சீரமைப்பு ஆணையம் மறுக்கவில்லை. அவர்களுள் பலர் தோட்ட வேலைக்கு வந்து போவோர் என்று கருதியது. கண்ணன் தேவன் மலைகளை மன்றோ பூஞ்ஞார் அரசரிடம் குத்தகைக்குப் பெற்றது 1877இல். ஆணையத்தின் காலத்தில் அங்குப் பல குடும்பங்கள் தலைமுறைகளைக் கண்டிருந்தன. எனினும் அவர்கள் குடியிருந்த லயங்கள் தோட்டத்திற்கு உரியவை; வேலை முடிந்தால் வீடும் இல்லை. நிலமின்மையே நிலையின்மையாகப் படிக்கப்பட்டது எனலாம்.

பாலக்காட்டு மாவட்டச் சித்தூர் வட்டத்தின் நிலை வேறு. முன்னர்க் கொச்சி அரசின் பகுதியாயிருந்த இவ்வட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி முதலிய ஊராட்சிகளில் தமிழர் உழவுக்குடிகளாக உள்ளனர். இவர்களை வந்து போவோர் என்று எவரும் கூற இயலாது. ஆயினும் இரு பகுதிகளிலும் மொழியின் போக்கு ஏறத்தாழ ஒன்றே.

சட்டத்தில் இடமில்லாமல் இல்லை. அரசியலமைப்பின் 350அ பிரிவு தாய்மொழித் தொடக்கக் கல்விக்கு வழிசெய்கிறது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் அரசோடு தமிழில் மடல் தொடர்பு கொள்ள இசைகிறது. இருந்தும் பெற்றோர் பலர் பிள்ளைகளை மலையாள வழியிலோ ஆங்கில வழியிலோ சேர்க்கின்றனர். பள்ளிகளில் மலையாளப் பாடத்தைக் கட்டாயமாக்கிய சட்டம் 2017இல்தான் வந்தது. இப்போக்கு அதற்கு முந்தையது. வேலைவாய்ப்பைக் கணக்கிட்டு அவர்கள் எடுக்கும் இம்முடிவு அறிவுக்குப் பொருந்தியதே. அதனாலேயே இது மேலாதிக்கம் ஆகிறது. மலையாளப் பெற்றோர் ஆங்கில வழியை நாடுவதும் இதே கணக்கினால்தான். மாநிலத்துள் மேலிருக்கும் மொழி உலக அரங்கில் கீழிருக்கிறது.

சொற்களும் இப்படிநிலையைக் காட்டுகின்றன. தமிழ்நாட்டு அலுவலகங்களின் பட்டா, வரி, விண்ணப்பம் என்பன கேரள அலுவலகங்களில் பட்டயம், கரம், அபேட்சை ஆகின்றன. நிலமும் சான்றிதழும் வேண்டுவோர் இச்சொற்களைக் கற்றே ஆகவேண்டும். தோட்டத்துக் கங்காணியோ மலையாளத்திலும் கங்காணியே. உழைப்பின் சொல் மலையேறி வந்தது. ஆட்சியின் சொல் அலுவலகத்திலிருந்து வருகிறது.

இவ்வொழுங்கு ஒருமுறை குலைந்தது. 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்கள், பெரும்பாலும் தமிழர், 20 விழுக்காடு போனஸ் கேட்டுத் தெருவில் அமர்ந்தனர். தொழிற்சங்கத் தலைவர்களை அருகில் விடவில்லை. கேட்ட போனசையும் பெற்றனர். அவ்வெழுச்சி 'பெம்பிளை ஒருமை' எனப் பெயர்பெற்றது. மலையாள வழக்கில் 'பெம்பிள', 'ஒரும' என வரவேண்டியதை மலையாள இதழ்கள் ஐகார ஈற்றோடே எழுதின. லயத்துப் பேச்சு, மலையாள எழுத்தில் திருத்தமின்றி ஏறிய அரிய இடம் இது.

தமிழும் எங்கும் கீழ்மொழியாக மட்டும் இல்லை. அதே தேவிகுளம் மலைகளில் வாழும் முதுவான் மக்கள் மதுரையிலிருந்து வந்தோராகத் தம்மைக் கூறிக்கொள்வர். அவர்கள் பேச்சைத் தமிழின் கிளைமொழி என்பாரும் தனிமொழி என்பாரும் உளர். அவர்களது எடமலைக்குடி 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாயிற்று. தமிழ்வழி, மலையாளவழி இரண்டனுள் எதில் சேரினும் முதுவான் குழந்தைக்குப் பாடநூலின் மொழி வீட்டுமொழி அன்று.