'ஆல்மோஸ்ட்'டுக்கு ஒரு ஸீட் ப்ளீஸ்!

பி.காம். முடித்த கையோடு மதுரை கீழமாசி வீதியில் ஒரு மொத்த வியாபாரக் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது. கணக்கு எழுதணும், மும்பை தலைமை ஆபீஸுக்கு இங்கிலீஷில் லெட்டர் போடணும். டெபிட், கிரெடிட் எனக்குத் தண்ணி பட்ட பாடு. இங்கிலீஷ்? அதுவும் தண்ணிதான்... கழுத்து வரைக்கும்!

அங்கே வசூலுக்கு ஓர் அண்ணன் இருந்தார். வயசு ஐம்பதைத் தாண்டியிருக்கும். ஓட்டை மொபெட், தோளில் ரெக்ஸின் பை. மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று கடை கடையாக ஏறி இறங்குவார். 'நாளைக்கு வாங்க' என்று நாலு வருஷமாகச் சொல்லும் ஆசாமிகள்கூட அவர் திண்ணையில் உட்கார்ந்தால் கல்லாவைத் திறந்துவிடுவார்கள்.

ஒரு மே மாதக் கத்திரி வெயிலில் அலைந்து, 88,700 ரூபாய் பழைய பாக்கியை வசூல் பண்ணி வந்தார். அதில் அவருக்கு இன்சென்டிவ் உண்டு. மகளின் காலேஜ் ஃபீஸுக்கு அந்தப் பணத்தைத்தான் மலைபோல் நம்பியிருந்தார்.

நான் ஜோராக மும்பைக்கு எழுதினேன்: 'வீ ஆல்மோஸ்ட் கலெக்டட் ருபீஸ் நைன்ட்டி தவுசண்ட்.'

கிட்டத்தட்ட தொண்ணூறாயிரம் வசூல் பண்ணிட்டோம் என்று அர்த்தம். அதாவது, நான் நினைத்துக்கொண்ட அர்த்தம்!

நாலாம் நாள் பதில் வந்தது. 'ஏன் வசூலாகவில்லை? யார் பொறுப்பு?' கூடவே அண்ணனின் இன்சென்டிவ் நிறுத்திவைப்பு. பணம் பத்திரமாக மதுரை பேங்க் கணக்கில் இருந்தது. ஆனால் மும்பைக்காரர்கள் கண்ணில் பட்டது என் லெட்டர்தான்.

எங்கள் சீனியர் கிளார்க் சார் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் படித்தார். "ஏம்ப்பா, 'வசூல் ஆகப் பார்த்துச்சு... ஆகலை'ன்னு எழுதியிருக்கியே! 'ஆல்மோஸ்ட்'டை 'கலெக்டட்'டுக்கு முன்னால போட்டா அது வசூலைப் பிடிச்சுக்கும். தொகைக்கு முன்னால போடு, தொகையைப் பிடிச்சுக்கும்!"

'வீ கலெக்டட் ஆல்மோஸ்ட் ருபீஸ் நைன்ட்டி தவுசண்ட்.' அவ்வளவுதான். ஒரே வார்த்தை, ஒரு ஸீட் தள்ளி உட்கார்ந்ததில் ஒரு மனுஷனின் ஒரு மாச உழைப்பு காணாமல் போயிருந்தது.

அன்றைக்குப் பிடித்தது எனக்கு இந்த 'அட்வெர்ப்' பைத்தியம். பள்ளிக்கூடத்தில் வினையுரிச்சொல் என்று படித்தோமே, அதேதான். எப்படி, எங்கே, எப்போது, எத்தனை தடவை என்று சொல்லும் வார்த்தைகள். நான் பட்டுத் தெரிந்துகொண்டதை நீங்கள் படாமலே தெரிந்துகொள்ளுங்கள்.

கண்ணாடியைப் பாருங்கள்

'நேற்று ஆபீஸில் ஒழுங்காக வேலை செய்தான்.' இது நம்ம ஊர் வரிசை. இங்கிலீஷில்? 'ஹி வொர்க்ட் வெல் இன் த ஆபீஸ் எஸ்டர்டே.' கவனித்தீர்களா? வேலை செய்தான், ஒழுங்காக, ஆபீஸில், நேற்று! நம் வாக்கியத்தைக் கண்ணாடியில் காட்டின மாதிரி அப்படியே தலைகீழ். எப்படி, எங்கே, எப்போது என்ற இந்த வரிசையை மனசில் வைத்துக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. 'நேற்று'க்கு மட்டும் கொஞ்சம் சலுகை உண்டு. வாக்கியத்தின் வாசலிலும் நிற்கலாம்.

புருஷன் பெண்டாட்டி நடுவில் புகாதே

'ஷி ஸ்பீக்ஸ் ஃப்ளூயன்ட்லி இங்கிலீஷ்' என்று சொன்னால் ஃப்ளூயன்ட்டாகத் தப்பு! வினைச்சொல்லும் அதன் செயப்படுபொருளும் புதுசாகக் கல்யாணமான ஜோடி. நடுவில் போய் உட்காரக் கூடாது. 'ஷி ஸ்பீக்ஸ் இங்கிலீஷ் ஃப்ளூயன்ட்லி' என்று கடைசி ஸீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

ஆல்வேஸ் அண்ட் கோ

ஆல்வேஸ், யூஷுவலி, ஆஃபன், நெவர்... இவர்களுக்கு ரிசர்வ்டு ஸீட். சாதாரண வினைச்சொல்லுக்கு முன்னால்: 'ஐ ஆல்வேஸ் கம் எர்லி.' ஆம், இஸ், ஆர் வந்தால் அதற்குப் பின்னால்: 'ஐ ஆம் ஆல்வேஸ் லேட்.' (இரண்டாவதுதான் உண்மை என்பார் என் மேனேஜர்.) துணை வினை வந்தால் அதை அடுத்து: 'ஐ ஹாவ் நெவர் டேக்கன் லீவ்.' இதை எந்த மேனேஜரும் நம்ப மாட்டார். ஆனால் இலக்கணம் சரி!

ஒன்லி விமலம்

பஸ்ஸில், 'திஸ் இஸ் மை ஸீட் ஒன்லி' என்று சண்டை போடுகிறோமே, ஏன்? தமிழில் 'தான்', 'மட்டும்' எல்லாம் வார்த்தைக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பழக்கத்தில் 'ஒன்லி'யையும் வாலாகக் கட்டிவிடுகிறோம். இங்கிலீஷில் அது பெரும்பாலும் முன்னால் நடக்கும் பிராணி.

'ஒன்லி த மேனேஜர் சைன்ட் த செக்': மேனேஜர் மட்டும்தான் கையெழுத்துப் போட்டார். பார்ட்னர் போடவில்லை. 'த மேனேஜர் சைன்ட் ஒன்லி த செக்': செக்கில் மட்டும்தான் போட்டார். அக்ரிமென்ட்டில் போடவில்லை. இடம் மாறினால் கேஸே மாறிப்போகும்!

செக்கில் 'ருபீஸ் ஃபைவ் தவுசண்ட் ஒன்லி' என்று வாலில் போடுகிறோமே என்று கேட்கலாம். பி.காம்.காரனிடம் கேட்க வேண்டிய கேள்விதான். அது காவல்காரன். அதற்குப் பின்னால் யாரும் இன்னொரு தொகையை ஒட்டிவிடக் கூடாது என்பதற்காக வாசலில் நிற்கிறது.

உயிரோடு விளையாட்டு

'ஹாப்பிலி, ஹி டிட் நாட் டை.' நல்லவேளை, ஆள் பிழைத்தார். 'ஹி டிட் நாட் டை ஹாப்பிலி.' ஆள் காலி. அதுவும் சந்தோஷமாக இல்லை! மாலை வாங்கப் போகும்முன் வாக்கியத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

வெள்ளை மாளிகையிலும்...

'நமக்குத்தான் இந்தத் தகராறு, வெள்ளைக்காரனுக்கு ஏது?' என்கிறீர்களா? 2009 ஜனவரி 20. ஒபாமா முதல் முறையாக அமெரிக்க ஜனாதிபதியாகப் பதவியேற்கிறார். பிரமாணத்தை வரி வரியாகச் சொல்லிக்கொடுப்பவர் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ். மொத்தமே 35 வார்த்தைகள். அரசியல் சட்டத்தில் 'ஃபெய்த்ஃபுல்லி' என்ற அட்வெர்ப் 'எக்ஸிக்யூட்'டுக்கு முன்னால் இருக்கிறது. ராபர்ட்ஸ், காகிதத்தைப் பார்க்காமல் சொன்னவர், அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டார். ஒபாமா பாதியில் நிறுத்தி, லேசாகச் சிரித்தார். நீதிபதி திருத்தப் போய் மறுபடி தடுமாற, கடைசியில் ஒபாமாவும் 'ஃபெய்த்ஃபுல்லி'யைக் கடைசியிலேயே சொல்லிவைத்தார்.

அர்த்தம் மாறவில்லைதான். ஆனாலும் எதற்கு வம்பு என்று மறுநாள், ஜனவரி 21, வெள்ளை மாளிகையில் அதே நீதிபதி, அதே ஒபாமா, மறுபடியும் பிரமாணம்! இடம் மாறின ஒரு வார்த்தைக்காக ஜனாதிபதியே இரண்டு தடவை சத்தியம் பண்ணியிருக்கிறார். நான் இரண்டாவது லெட்டர் எழுதினதில் என்ன கேவலம்?

எழுதினேன். பேங்க் சலான் நகலையும் இணைத்தேன். அண்ணனின் பணம் வந்துசேர ஒன்றரை மாசம் ஆனது. அதற்குள் ஃபீஸ் கட்ட அவர் வட்டிக்கு வாங்கியிருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. வட்டியை நான் கொடுக்கிறேன் என்று போய் நின்றேன். வாங்கவில்லை.

"விடு தம்பி. வெயில்ல அலைஞ்சது நானு... அந்த வார்த்தையும் அலைஞ்சு களைச்சுப்போய்க் கிடைச்ச இடத்துல உக்காந்துருச்சு போல!" என்று சிரித்தார்.

எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. இன்றைக்கும் இங்கிலீஷில் ஒரு வரி எழுதினால், அனுப்பும்முன் ஒரு தடவை டிக்கெட் பரிசோதகர் மாதிரி போய்ப் பார்க்கிறேன். எல்லோரும் அவரவர் ஸீட்டில்தான் இருக்கிறார்களா?

ஆல்மோஸ்ட்... எல்லோரும்!