நாவல்களில் நிமிர்ந்து நின்ற பெண்கள்

"செமஸ்டருக்குப் படிக்கவே நேரம் பத்தலை, இதில் நாவல் வேறயா?" என்று கேட்கும் நண்பர்களுக்கும், "நாவல்னா அழுகைக் கதைதானே?" என்று ஒதுங்கும் நண்பர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரை. டிப்ளமோ முடித்து நாளை நாம் ஏதோ ஒரு தொழிற்சாலையிலோ கட்டட வேலையிலோ சூப்பர்வைசராக நிற்கப் போகிறோம். நம் கீழே வேலை பார்ப்பவர்களில் பெண்களும் இருப்பார்கள். நம் தோழிகளோ அங்கே தனி ஒருத்தியாக நிற்க வேண்டி வரலாம். அப்போது எப்படி நடந்துகொள்வது? இதற்கென்று நம் சிலபஸில் பேப்பர் கிடையாது. நல்ல நாவல்கள் அந்தக் குறையைத் தீர்க்கும். ஐந்தை மட்டும் இங்கே சொல்கிறேன்.

1. கரிப்பு மணிகள்

உப்பு என்றால் நமக்கு சோடியம் குளோரைடு. உவர்நீரைப் பாத்தியில் விட்டு வெயிலில் வற்ற வைத்தால், அடர்த்தி சுமார் 25 பாமே டிகிரியை எட்டும்போது உப்பு படியத் தொடங்கும். கெமிஸ்ட்ரி பாடம் அத்தோடு முடிந்துவிடும். அந்த வெயிலில் யார் நிற்கிறார்கள் என்பதை ராஜம் கிருஷ்ணன் சொல்கிறார். தூத்துக்குடி உப்பளங்களுக்கு நேரில் போய், தொழிலாளர்களோடு பழகி, 1970களின் கடைசியில் எழுதிய நாவல் இது.

நாயகி பொன்னாச்சி வறுமையால் அளத்து வேலைக்கு வருகிறாள். வெள்ளை வெளேரென்ற உப்பு கண்ணைக் கூச வைக்கிறது, காலில் வந்த புண் ஆற மாட்டேன் என்கிறது. கூலியோ அற்பம். போதாததற்குக் கங்காணியின் தொல்லை வேறு. எதிர்த்தால் வேலை போகும், பொறுத்தால் மானம் போகும். தொழிலாளர்கள் ஒன்று சேர்ந்தால்தான் விடிவு என்பதை இந்த நாவல் கோஷம் போடாமல் புரிய வைக்கிறது. நாளைய சூப்பர்வைசர்களே, அந்தக் கங்காணி இடத்தில் நம்மை வைத்துப் பார்த்துக்கொண்டே படியுங்கள். கொஞ்சம் உறுத்தும். உறுத்த வேண்டும்!

2. பாதையில் பதிந்த அடிகள்

இதுவும் ராஜம் கிருஷ்ணன்தான், 1991இல் வெளிவந்தது. மணலூர் மணியம்மாள் என்ற உண்மையான போராளியின் வாழ்க்கையை வைத்து எழுதப்பட்டது. பிராமணக் குடும்பத்தில் பிறந்து இளவயதில் விதவையானவர், மூலையில் முடங்கவில்லை. முடியைக் கிராப் வெட்டி, வேட்டி சட்டை போட்டுக்கொண்டு, தஞ்சைப் பண்ணையாட்களின் குடிசைகளுக்குப் போனார். சாட்டையடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த காலம் அது. அவர்களைச் சங்கமாகத் திரட்டினார். 1953இல் மான் முட்டி இறந்தார். இப்படி ஒருவர் நம் மண்ணில் வாழ்ந்திருக்கிறார் என்பதே நம்மில் பல பேருக்குத் தெரியாது.

3. தாசிகள் மோசவலை

மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 1936இல் வெளியிட்டது. தேவதாசி முறையின் கொடுமையை உள்ளிருந்தே அறிந்தவர், அதை ஒழிக்கப் பேனாவையும் மேடையையும் பயன்படுத்தினார். 1947இல் சட்டமே வந்தது. நடை இப்போது கொஞ்சம் பழசாகத் தோன்றும், பொறுத்துக்கொண்டு படியுங்கள். 2022இல் 'புதுமைப்பெண்' என்று அறிமுகமான, அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டம் இருக்கிறதல்லவா? அது இவர் பெயரில் அமைந்த உயர்கல்வி உறுதித் திட்டம்தான். டிப்ளமோ மாணவியரையும் சேர்த்துக்கொண்ட திட்டம். பெயருக்குரியவர் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?

4. தாய்

மாக்சிம் கார்க்கி எழுதிய ரஷ்ய நாவல், தொ.மு.சி. ரகுநாதனின் தமிழில் படிக்கலாம். நீலவ்னா, குடிகாரக் கணவனிடம் அடி வாங்கியே பழகிப்போன, எழுத்து வாசனை அறியாத தொழிலாளி வீட்டுப் பெண். மகன் பாவெல் புரட்சிக்காரனாகும்போது முதலில் பயப்படுகிறாள். பிறகு நடுத்தர வயதில் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். சாப்பாடு விற்கும் சாக்கில் துண்டுப் பிரசுரங்களை ஆலைக்குள் கொண்டு போகிறாள்! 1902இல் ஸோர்மவோ தொழிலாளர் நடத்திய மே தின ஊர்வலம்தான் இதற்கு அடிப்படை. கூட்டத்துக்கும் ஊர்வலத்துக்கும் போகும் நாம், வீட்டில் அம்மா என்ன நினைக்கிறார் என்று கேட்டதுண்டா?

5. பிஞ்சர்

அம்ருதா ப்ரீதம் பஞ்சாபியில் 1950இல் எழுதியது. 'பிஞ்சர்' என்றால் எலும்புக்கூடு. இரு குடும்பங்களின் பழைய பகைக்காக பூரோ என்ற பெண்ணை ரஷீத் கடத்திப் போகிறான். ஒருநாள் இரவு அவள் தப்பித்து வீட்டுக்கு ஓடி வந்தால், பெற்றவர்களே சேர்க்க மறுக்கிறார்கள். ஊர் என்ன சொல்லும் என்ற பயம்! 1947 பிரிவினைக் கலவரத்தில், அதே பூரோ தன் சகோதரனின் மனைவியை மீட்டு அனுப்பி வைக்கிறாள். எல்லையில் அவள் கடைசியாக எடுக்கும் முடிவை நான் சொல்லப் போவதில்லை. குஷ்வந்த் சிங்கின் ஆங்கில மொழிபெயர்ப்பு உண்டு. 2003இல் இந்திப் படமாகவும் வந்தது.

இந்தப் பெண்கள் யாரும் சினிமா நாயகி மாதிரி பத்துப் பேரைப் பந்தாடுவதில்லை. படிக்கக் கற்றார்கள், "முடியாது" என்று சொல்லக் கற்றார்கள், பக்கத்தில் இருப்பவளின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். இதெல்லாம் நம்மாலும் ஆகிற காரியம்தான்.

ராஜம் கிருஷ்ணனின் நூல்கள் 2009இல் நாட்டுடைமையாகிவிட்டன. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். மற்றவற்றை மாவட்ட மைய நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். எதிலிருந்து ஆரம்பிப்பது என்று குழம்பினால் கரிப்பு மணிகளை எடுங்கள். தோழியரே, படித்துவிட்டு அம்மாவிடம் கதையைச் சொல்லுங்கள். தோழர்களே, படித்துவிட்டு உங்கள் தங்கைக்குக் கொடுங்கள்!

- மூன்றாம் ஆண்டு, மின்னியல் துறை