நர்ஸ் எத்தனை தடவை சானிடைசர் போடணும்? ஒரு சின்ன கணக்கு

போன மாசம் அப்பாவுக்கு ஆபரேஷன். மூணு நாள் ஆஸ்பத்திரியிலயே இருந்தேன். வேலை இல்லாம உட்கார்ந்திருக்கிற சாஃப்ட்வேர்காரன் என்ன செய்வான்? எண்ணுவான். சிஸ்டர் எத்தனை தடவை சானிடைசர் போடுறாங்கன்னு எண்ணினேன். ஒரு தடவை போடாம அப்பாவோட டிரிப்ஸ் ஊசியைத் தொட வந்தாங்க. "கை சுத்தம் பண்ணலையா?"ன்னு கடுப்பாவே கேட்டுட்டேன். ஒண்ணும் சொல்லாம வாசல் வரை திரும்பிப் போய், போட்டுட்டு வந்தாங்க. அந்த முகம் மனசை உறுத்துச்சு. அன்னிக்கு ராத்திரியே தேட ஆரம்பிச்சேன்.

முதல்ல விதி. உலக சுகாதார நிறுவனம் 2009-ல வெளியிட்ட வழிகாட்டுதல்ல ஐந்து தருணங்கள் இருக்கு: நோயாளியைத் தொடுறதுக்கு முன்னாடி, ஊசி மாதிரி சுத்தமா செய்ய வேண்டிய வேலைக்கு முன்னாடி, ரத்தம் போன்ற உடல் திரவம் பட வாய்ப்பிருந்த பிறகு, நோயாளியைத் தொட்ட பிறகு, அவரைச் சுத்தி இருக்கிற கட்டில், மேசையைத் தொட்ட பிறகு. கையுறை போட்டாலும் இதுல தள்ளுபடி கிடையாது. ஆக, நான் கேட்டது சரிதான்.

இப்போ கணக்குக்கு வருவோம். தீவிர சிகிச்சைப் பிரிவுல ஒரு மணி நேரத்துக்கு இந்த மாதிரி தருணம் சுமார் 20 வருது. சோப்பு போட்டு ஒழுங்கா கழுவ 40 முதல் 60 விநாடி. 20 தடவைன்னா, மணிக்கு 20 நிமிஷம் வரை குழாயடியிலயே போயிடும். சானிடைசருக்கு 20 முதல் 30 விநாடி போதும், நடந்துக்கிட்டே தேய்க்கலாம். நேரம் பாதியாகுது.

ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில டிடியே பிட்டே குழு 1994-ல கவனிச்சப்போ, தேவையான தருணங்கள்ல 48 சதவீதத்துலதான் கை சுத்தம் நடந்துச்சு. நர்ஸ்கள் 52 சதவீதம். டாக்டர்கள் வெறும் 30! வேலை நெருக்கடி கூடக்கூட இது குறைஞ்சுது. அப்போ இது சோம்பேறித்தனம் இல்ல, நேரப் பிரச்சினை.

அவங்க என்ன செஞ்சாங்க? சானிடைசர் பாட்டிலைக் கட்டில் பக்கத்துலயே வச்சாங்க, பாக்கெட்டுல போட்டுக்கவும் கொடுத்தாங்க, வார்டெல்லாம் போஸ்டர் ஒட்டினாங்க. 1997-ல 66 சதவீதம் ஆச்சு. சோப்பு போட்டுக் கழுவுறது ஏறக்குறைய அப்படியேதான் இருந்துச்சு, கூடினது சானிடைசர். அதே காலத்துல ஆஸ்பத்திரியில தொத்துற நோய்த்தொற்று 16.9 சதவீதத்துலேருந்து 9.9-க்கு இறங்குச்சு.

ஒரு எச்சரிக்கை: கையில அழுக்கோ ரத்தமோ கண்ணுக்குத் தெரிஞ்சா சோப்பும் தண்ணியும்தான். கடும் வயிற்றுப்போக்கு உண்டாக்குற க்ளாஸ்ட்ரிடியம் டிஃபிசைல் கிருமியோட வித்துகளையும் ஆல்கஹால் கொல்லாது.

டிஸ்சார்ஜ் அன்னிக்கு அந்த சிஸ்டர்கிட்ட மன்னிப்பு கேட்டேன். சிரிச்சாங்க. "கேட்டது தப்பில்ல தம்பி. எத்தனை கட்டிலுக்கு எத்தனை பாட்டில்னு எண்ணினீங்களா?"ன்னாங்க.

எண்ணலை. திரும்பிப் பார்த்தேன். ஆறு கட்டில். வாசல்ல ஒரே ஒரு பாட்டில்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனா, தயங்காம கேளுங்க. ஆனா மரியாதையா கேளுங்க. பாட்டில் எங்க இருக்குன்னும் பாருங்க. கட்டில் பக்கத்துல இல்லைன்னா, அதை நிர்வாகத்துக்கிட்ட கேளுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.