தோண்டுமுன் ஆராய்க!

வீடு கட்டுமுன் நிலம் பார்த்தல் நம்மவர் வழக்கம். பெருந் தொழிற்சாலையோ சுரங்கமோ அமைக்குமுன் ஊரும் நீரும் என்னாகும் என ஆராய்தலும் அத்தகையதே. இலங்கையில், குறித்த பெருந்திட்டங்களுக்கு இவ்வாய்வை 1988ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் கட்டாயமாக்கிற்று. ஆய்வறிக்கையைப் பொதுமக்கள் பார்வையிட்டு, 30 நாட்களுக்குள் தம் கருத்தை எழுதி அனுப்பவும் அச்சட்டம் வழிவகுத்தது.

இவ்வாய்வின் பெறுமதியை உணர்த்தியவர் எப்பாவல மக்கள். அநுராதபுர மாவட்டத்து அவ்வூரிலே உரத்துக்குதவும் பொசுபேற்றுக் கனியம் உண்டு. அதனை அகழ அந்நிய நிறுவனமொன்றுடன் ஒப்பந்தஞ் செய்ய அரசு முனைந்தது. வயலும் வீடும் மட்டுமன்றி, ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் வெட்டுவித்த ஜய கங்கைக் கால்வாயும் சிதையுமென அஞ்சிய ஊரவர் எழுவர், உயர் நீதிமன்றத்தை நாடினர். முறையான ஆய்வும் சுற்றாடல் அனுமதியும் இன்றி ஒப்பந்தஞ் செய்தலாகாது என 2000ஆம் ஆண்டில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தொழில்வளம் நாட்டுக்கு வேண்டியதே. ஆயினும், சிதைந்த கால்வாயை மீட்டுத் தர எந்த உரத்தால் இயலும்? ஆதலின், மாணவர்காள், பத்திரிகையில் இத்தகைய அறிவித்தலைக் கண்டால் பக்கத்தைப் புரட்டிவிடாதீர். அறிக்கையைத் தேடிப் படித்து, பெற்றோருக்கும் எடுத்துரையுங்கள். முப்பது நாள் விரைவிற் கழிந்துவிடும்.