குணம் அறியப் பழக வேண்டும், பழக இடம் வேண்டும்
(வெண்மணி நினைவுப் பேருரையின் எழுத்து வடிவம்)



வெண்மணி ஈகியரை நினைவுகூரும் மேடையில் ஈர்ப்பையும் காதலையும் துணைத்தேர்வையும் பற்றிப் பேச வந்திருக்கிறோம். கூலிக்காகவும் மானத்துக்காகவும் நின்றவர்களின் நாளில் இது என்ன பேச்சு என்று மூத்த தோழர்கள் சிலர் நினைக்கக்கூடும். கூலியைப் பேச நமக்குச் சங்கம் உண்டு. தேர்தலைப் பேசக் கட்சி உண்டு. நம் பிள்ளைகள் யாரை விரும்பலாம், யாரோடு வாழலாம் என்பதைப் பேசத்தான் இடமில்லை. யாராவது கொல்லப்பட்ட பிறகு, பிணவறை வாசலில் மறியலுக்கு உட்கார்ந்துகொண்டு பேசுகிறோம். எல்லாரும் உயிரோடு இருக்கும்போதே பேசிவிடுவது நல்லது.

ஒருவர் இன்னொருவரை விரும்புவதில் குணத்துக்கு எவ்வளவு பங்கு, சாதிக்கு எவ்வளவு பங்கு? இதுதான் நம் கேள்வி.

1. குணம் செய்யும் வேலை

உளவியலாளர்கள் மனிதரின் குணத்தை ஐந்து கூறுகளாகப் பார்க்கிறார்கள்: புதியதை ஏற்கும் மனம், பொறுப்புணர்வு, கலகலப்பு, இணக்கம், சட்டென்று கலங்கிப்போகும் தன்மை. எல்லாரிடமும் ஐந்தும் உண்டு. அளவுதான் ஆளுக்கு ஆள் மாறும். எந்தத் தெருவில் பிறந்தவருக்கும் இது பொருந்தும்.

அமெரிக்காவில் 1930களில் நிச்சயதார்த்தம் முடித்த 300 இணையரை 1980 வரை பின்தொடர்ந்த ஓர் ஆய்வை கெல்லி, கான்லி என்ற இருவர் 1987இல் வெளியிட்டார்கள். மணவாழ்வு கசந்துபோன இடங்களில் மூன்று குணங்கள் முன்னே நின்றன: கணவனின் மனக்கலக்கம், மனைவியின் மனக்கலக்கம், தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளத் தெரியாத கணவனின் போக்கு. 2020இல் 11,196 இணையரைப் பற்றிய 43 ஆய்வுத் தொகுப்புகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். தனி ஒருவரின் குணத்தைவிட, இருவருக்கும் இடையே நடப்பதே உறவின் நிறைவைக் கூடுதலாகத் தீர்மானிக்கிறது என்று தெரிந்தது. 'இவர் என்னைக் கைவிட மாட்டார்', 'இவர் என் அருமை அறிந்தவர்' என்ற நம்பிக்கை அதில் முக்கியமானது.

இந்த நம்பிக்கை எங்கிருந்து தொடங்குகிறது? ஃபெஸ்டிங்கரும் அவர் நண்பர்களும் அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர் குடியிருப்பில் செய்த ஆய்வு 1950இல் வெளிவந்தது. யார் யாருக்கு நண்பரானார்கள் என்று கேட்டபோது, யார் வீட்டு வாசல் யார் வீட்டு வாசலுக்கு அருகில் இருந்தது என்பதே பெரிதும் பதிலாக வந்தது. திரும்பத் திரும்பக் கண்ணில் படுவதன் மீது விருப்பம் கூடுகிறது என்று 1968இல் ஸயான்ஸ் காட்டினார். ஆக, முதலில் அருகில் இருக்க வேண்டும். பிறகு அடிக்கடி பார்க்க வேண்டும். பிறகு பேசிப் பழக வேண்டும். குணம் தெரிவது அதற்குப் பிறகுதான்.

2. தெருவும் வயலும்

இனி நம் ஊருக்கு வருவோம். ஆந்த்ரே பெத்தேய் 1960களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் தங்கி ஆராய்ந்தார். ஸ்ரீபுரம் என்று அதற்குப் புனைபெயர் வைத்து 1965இல் நூல் எழுதினார். அக்கிரகாரம், குடியானத் தெரு, சேரி என்று மூன்றாகப் பிரிந்த ஊர் அது. அவர் தங்கியது அக்கிரகாரத்தில். அங்கே இருந்துகொண்டு சேரிக்குள் இயல்பாகப் போய்வர முடியவில்லை என்பதை அவரே பின்னால் எழுதினார். வெளியிலிருந்து ஆராய வந்தவருக்கே யாரோடு பழகலாம் என்பதைத் தெரு முடிவு செய்தது என்றால், அதே ஊரில் பிறந்த பிள்ளைகளுக்குக் கேட்க வேண்டுமா?

வயலில் எல்லாரும் ஒன்றாகத்தானே நிற்கிறார்கள், அங்கே பழக்கம் இல்லையா என்று கேட்கலாம். நாற்று முடியைத் தூக்கியவரும் வரப்பில் குடையோடு நின்றவரும் தினம் பார்த்துக்கொண்டார்கள். பார்த்தது போதவில்லை. ஆல்போர்ட் 1954இல் எழுதியது இங்கே உதவும். பழக்கம் வெறுப்பைக் குறைக்க வேண்டுமானால் இருவரும் சமநிலையில் நிற்க வேண்டும், ஒரே நோக்கத்துக்காக ஒத்துழைக்க வேண்டும், அதற்குச் சட்டமோ நிறுவனமோ துணை நிற்க வேண்டும் என்றார் அவர். பண்ணையில் இந்த மூன்றும் கிடையாது. சவுக்கடியும் சாணிப்பாலும் இருந்த இடத்தில் ஒருவர் குணம் இன்னொருவருக்கு எப்படித் தெரியும்?

அங்கே குணம் முன்கூட்டியே பெயரிடப்பட்டிருந்தது. பணிந்தவன் 'விசுவாசமான ஆள்'. நெல்லை அளந்து கேட்டவன் 'திமிர் பிடித்தவன்'. அதே குரலில் மிராசுதார் வீட்டுப் பிள்ளை பேசினால் 'துணிச்சல்காரன்'. செய்கை ஒன்றுதான், பிறப்பைப் பொறுத்துப் பெயர் மாறியது.

இந்தப் பழக்கம் நீதிமன்றம் வரை போனது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்ட மிராசுதார்களை 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்தது. நிறைய நிலமுள்ள பணக்காரர்கள், அதில் ஒருவர் கார் வைத்திருப்பவர், இப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்தார்கள் என்பது நம்பக் கடினமாக இருக்கிறது என்ற கருத்து அந்தத் தீர்ப்பில் உண்டு. நிலத்தையும் காரையும் வைத்து குணத்தைக் கணித்தார்கள். வெண்மணியையும் துணைத்தேர்வையும் இணைக்கும் கயிறு இதுதான்.

3. வரன் பார்க்கும் கண்

வரன் தேடும்போதும் இதே கணக்குத்தான். 'நல்ல குடும்பம்' என்றாலே குணமும் அதில் அடங்கிவிட்டதாக நினைக்கிறோம். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் கொல்கத்தா நாளிதழ் ஒன்றின் மணமக்கள் விளம்பரங்களை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். மாப்பிள்ளை சொந்தச் சாதியாக இருப்பதற்காக, முதுகலைப் பட்டத்துக்கும் படிப்பே இல்லாததற்கும் உள்ள வேறுபாட்டைக்கூடப் பெண் வீட்டார் விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தார்கள். படிப்பே இந்த விலைக்குப் போனால் குணத்துக்கு என்ன விலை கிடைக்கும்?

2011–12இல் நடந்த இந்திய மனித வளர்ச்சி ஆய்வில், சாதி மாறி மணந்ததாகச் சொன்னவர்கள் சுமார் 5 சதவீதம்தான். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பெண்கள், கணவரை முதலில் பார்த்ததே திருமண நாளிலோ அதையொட்டியோதான் என்றார்கள். தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளத் தெரிந்தவனா இவன் என்று அந்தப் பெண் எப்போது அறிவாள்?

பழகித் தேர்ந்தவர்களுக்கோ வேறு தண்டனை. 2012இல் தர்மபுரி நத்தம் காலனி எரிந்த நாட்களில் 'நாடகக் காதல்' என்ற சொல் பரப்பப்பட்டது. ஜீன்ஸும் கூலிங் கிளாஸும் போட்டு நம் பையன்கள் மயக்குகிறார்களாம். அந்தச் சொல் பையனின் அன்பைப் பொய் என்கிறது, பெண்ணுக்குச் சொந்த மனம் கிடையாது என்கிறது. இருவரிடமிருந்தும் குணத்தைப் பறித்துவிடுகிறது. கொள்ளிடத்துக்கு வடக்கே, விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டையில் 2003 ஜூலையில் நடந்த கண்ணகி–முருகேசன் கொலை வழக்கை நாம் மறக்க முடியாது. பதிவுத் திருமணம் செய்துகொண்ட இருவருக்கும் ஊரார் முன்னிலையில் விஷம் கொடுத்தார்கள். விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு வர 2021 ஆகிவிட்டது.

4. அண்ணல் காட்டிய வழி

சாதியின் உயிர் அகமணத்தில் இருக்கிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையிலேயே சொன்னார். சேர்ந்து உண்பது போதாது, கலந்து மணப்பதே மெய்யான மருந்து என்று 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையில் எழுதினார். 1948 ஏப்ரல் 15 அன்று, தமக்குச் சிகிச்சை அளித்த, சாரஸ்வத் பிராமணக் குடும்பத்தில் பிறந்த மருத்துவர் சாரதா கபீரை மணந்தார். இருவரும் அறிமுகமாகிப் பழகிய பிறகு நடந்த திருமணம் அது.

சட்டமும் ஓரளவு நம் பக்கம் இருக்கிறது. வயது வந்த இருவர் ஒருவரையொருவர் தேர்ந்தால் குடும்பத்தின் சம்மதமோ சாதியின் சம்மதமோ தேவையில்லை என்று சக்தி வாஹினி வழக்கில் உச்சநீதிமன்றம் 2018 மார்ச் 27 அன்று தீர்ப்பளித்தது. மிரட்டலுக்கு ஆளாகும் இணையருக்கு மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு வேண்டும் என்றும் உத்தரவிட்டது. உங்கள் மாவட்டத்தில் அது எங்கே இயங்குகிறது, தொலைபேசியை யார் எடுக்கிறார்கள் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

5. நம் வீட்டு வாசல்

அடுத்தவரை மட்டும் குறை சொல்லி முடித்தால் இந்த உரை பாதி உரைதான். டெல்டாவில் பறையர் தெருவும் பள்ளர் தெருவும் தனித்தனியே இருக்கின்றன. ஒரே கொடியின் கீழ் மறியலுக்குப் போகிறோம், சம்பந்தம் என்று வந்தால் நாமும் தெருவைத்தான் கேட்கிறோம். மேல்சாதிப் பெண்ணை மகன் கூட்டி வந்தால் புரட்சி என்கிறோம். மகள் தன் விருப்பத்தைச் சொன்னால் கைப்பேசியைப் பிடுங்குகிறோம். இது இரட்டை அளவை. நெல் அளக்கும் மரக்காலில் மோசடி செய்த மிராசுதாரை எதிர்த்தவர்கள் நாம்.

இன்னொன்றையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். சாதி மறுத்த திருமணம் என்பதாலேயே இல்லறம் சமமாகிவிடாது. கோபம் வரும்போது அவர் என்ன செய்கிறார்? டீக்கடையில் தட்டு எடுக்கும் பையனிடம் எப்படிப் பேசுகிறார்? 'வேண்டாம்' என்று நீங்கள் சொன்ன ஒன்றை ஏற்றுக்கொள்கிறாரா? இதையெல்லாம் பார்க்க அவகாசம் வேண்டும். பயந்து, ஒளிந்து, நான்கு நாளில் ஓட வேண்டிய இணையருக்கு அந்த அவகாசத்தைச் சாதி கொடுப்பதில்லை. பிறகு அந்த வாழ்வு முறிந்தால் 'பார்த்தாயா' என்கிறது.

6. இடம் அமைப்போம்

பழகும் இடங்களை நம்மால் அமைக்க முடியும். மேட் லோ என்ற ஆய்வாளர் உத்தரப் பிரதேசத்தில் 1,261 இளைஞர்களைக் கொண்டு கிரிக்கெட் போட்டி நடத்தி, முடிவை 2021இல் வெளியிட்டார். ஒரே அணியில் கலந்து ஆடியவர்களிடையே சாதி கடந்த நட்பு கூடியது. எதிரெதிர் அணிகளில் மோதியவர்களிடையே அப்படிக் கூடவில்லை. நம் ஊர்களில் பொங்கலுக்கு நடக்கும் கபடியும் கிரிக்கெட்டும் தெருவுக்கு ஓர் அணியாகத்தான் நடக்கின்றன. அணியைக் கலப்பதற்குப் பணம் தேவையில்லை.

இரவுப் பாடசாலை, ஊர் நூலகம், வாசிப்பு வட்டம், கல்லூரிப் பேருந்து நிறுத்தம் ஆகிய எல்லாம் நம் களம்தான். ஆணும் பெண்ணும் பயமில்லாமல் உட்கார்ந்து பேச, சண்டை போட, சமாதானமாக, நட்போடு நின்றுகொள்ளவும் ஓர் இடம் வேண்டும். பழக்கம் எல்லாம் காதலாக வேண்டும் என்பதில்லை. காதலாக வளர்ந்தால் அதைக் காக்க நாம் இருக்க வேண்டும்.

வெண்மணியில் எரிந்தவர்கள் தங்கள் உழைப்புக்கு என்ன விலை என்பதைத் தாங்களே சொல்லும் உரிமையைக் கேட்டார்கள். தங்கள் வாழ்வில் யார் என்பதைத் தாங்களே சொல்லும் உரிமையை அவர்கள் பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். இரண்டும் ஒரே கோரிக்கை என்று கருதுகிறோம்.

ஜெய்பீம்.