டார்ச் இருக்கா, ரெண்டு சிம் போடலாமா?

ஒகேனக்கல்லில் பரிசல் ஏறப்போகிறவர் லைஃப் ஜாக்கெட்டை மாட்டியதும் அடுத்து யோசிப்பது, போனை எங்கே வைப்பது என்பதைத்தான். சட்டைப் பையில் வைத்தால் சாரல்; கை தவறினால் காவிரி. கேமராவைப் பார்த்துப் பார்த்து வாங்கிய போன், படம் எடுக்க வேண்டிய இடத்தில் பிளாஸ்டிக் பைக்குள் கிடக்கும். தண்ணீர் பட்டால் தாங்குமா என்று கடையில் கேட்கத் தோன்றியிருக்காது. கேட்டிருந்தாலும் பதிலைக் கொஞ்சம் கவனமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஐபி67 என்றால், அசையாத நல்ல தண்ணீரில் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் வைத்துச் சோதித்திருக்கிறார்கள் என்று பொருள். அருவி அசையாமல் நிற்பதில்லை. தண்ணீர் புகுந்து கெட்டால் வாரண்டியும் பெரும்பாலும் கைவிரித்துவிடும்.

விளம்பரம் போனில் இருப்பதைச் சொல்லும். வாங்கியவர் ஒரு மாதம் கழித்து இல்லாததைச் சொல்வார். பக்கத்து வீட்டுக்காரர் எந்தப் போன் வாங்குவார் என்பதை இந்த இரண்டாவது பேச்சுதான் பல நேரம் முடிவு செய்கிறது.

நோக்கியா இதன் இரு பக்கங்களையும் பார்த்துவிட்ட நிறுவனம். 2003இல் வந்த நோக்கியா 1100இல் கேமரா கிடையாது, வண்ணத் திரை கிடையாது. ஆனால் டார்ச் இருந்தது. மின்வெட்டு பழகிப்போன ஊர்களுக்கும், இருட்டில் தோட்டத்துக்கு மோட்டார் போடப் போகிறவர்களுக்கும் அது போதுமானதாக இருந்தது. உலகெங்கும் 20 கோடிக்கு மேல் விற்ற போன் அது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியாவின் ஆலையே வந்துவிட்டது.

பிறகுதான் சறுக்கல். ஒரு கம்பெனியில் கட்டணம் குறைவு, இன்னொன்றில் சிக்னல் நன்றாக இருக்கும் என்று மக்கள் இரண்டு சிம் வைத்திருந்த காலம் அது. மாநில எல்லையோர ஊர்களில் ரோமிங் தொல்லை வேறு. பேட்டரியைக் கழற்றிக் கழற்றி சிம் மாற்றிக்கொண்டிருந்தவர்களுக்கு மைக்ரோமேக்ஸ் போன்ற கம்பெனிகளும், பெயர் தெரியாத சீனப் போன்களும் இரண்டு சிம்மையும் ஒன்றாகப் போட இடம் கொடுத்தன. நோக்கியாவோ, இரண்டும் ஒரே நேரத்தில் இயங்கும் போன்களை 2011இல்தான் இந்தியாவில் விற்கத் தொடங்கியது. அதற்குள் வாடிக்கையாளர்களில் பலர் வேறு கம்பெனிக்குப் பழகியிருந்தார்கள். நோக்கியாவைச் சாய்த்ததில் ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும்தான் பெரிய பங்கு. 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஆலை நின்றதற்கு வரி வழக்கும் ஒரு காரணம். ஆனாலும் சின்ன ஊர்க் கடைகளில் அது முதலில் தோற்றது இன்னொரு சிம்முக்கு இடம் இல்லாததால்தான் என்று சொல்லலாம்.

ஜியோபோன் 2017இல் 1,500 ரூபாய் டெபாசிட்டுக்கு அறிவிக்கப்பட்டபோது அதில் வாட்ஸ்அப் இல்லை. மறு ஆண்டு செப்டம்பரில் சேர்த்தார்கள். பெயரன் படத்தை வாட்ஸ்அப்பில் பார்க்க முடியாத போன் எவ்வளவு மலிவாக இருந்து என்ன பயன்?

ஹெட்போன் துளையின் கதை இதற்கு நேரெதிர். இல்லாததைச் சேர்க்காமல், இருந்ததையே பிடுங்கினார்கள். 2016இல் ஐபோன் 7 அந்தத் துளையை அடைத்தது. தண்ணீர் தாங்கும் தன்மையும் ஐபோனுக்கு அப்போதுதான் வந்தது. துளையை அடைத்தால்தான் தண்ணீர் புகாது போலும் என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். ஆனால் அதற்குச் சில மாதங்கள் முன்பே வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்7, துளையோடு சேர்த்தே ஐபி68 தரம் பெற்றிருந்தது.

துளையோடு போனது பாட்டு கேட்கும் ஒயர் மட்டுமல்ல. போனில் எஃப்எம் ரேடியோவுக்கு அந்த ஒயர்தான் ஆன்டெனா. 2023இல் மத்திய மின்னணுத் துறை, போன்களில் எஃப்எம்மை முடக்க வேண்டாம், இல்லாதவற்றில் சேர்க்கப் பாருங்கள் என்று தயாரிப்பாளர்களுக்கு அறிவுரை அனுப்பியது. வெள்ளம், புயலில் டவர் விழுந்து இணையம் போனாலும் வானொலி கேட்கும் என்பது அதன் நியாயம். ஒகேனக்கல் இருக்கும் தருமபுரிக்கு அகில இந்திய வானொலியின் பண்பலை நிலையமே இருக்கிறது. டைப்-சி துளையில் செருகும் ஒயர் சில போன்களில் ஆன்டெனாவாக வேலை செய்யும், சிலவற்றில் செய்யாது. பணம் கட்டுவதற்கு முன் கடையிலேயே செருகிப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும்.