பழைய கேம்களில் 87% இன்று கடையில் இல்லை. உங்களுக்கு இது ஏன் முக்கியம்?

1950களில் வந்த பல தமிழ்ப் படங்களை இன்று இரவே யூடியூபில் பார்த்துவிடலாம். பள்ளி நாட்களில் நீங்கள் விளையாடிய கேமை இன்று காசு கொடுத்து வாங்க முடியுமா? பெரும்பாலும் முடியாது.

வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் என்ற அமெரிக்க அமைப்பு 2023 ஜூலையில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87% இப்போது விற்பனையில் இல்லை. அதாவது 100க்கு 13தான் கிடைக்கும். கேம்பாய் கேம்களில் 6%கூட இல்லை.

வெறும் கேம்தானே?

இல்லை. நியூயார்க்கின் மோமா அருங்காட்சியகம் 2012லேயே பேக்-மேன், டெட்ரிஸ் உட்பட 14 கேம்களைத் தன் சேகரிப்பில் சேர்த்தது. நமக்கு நெருக்கமான உதாரணம், அதே 2023 ஜூலையில் வந்த ‘வெண்பா’. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை அது. வெண்பா தன் தாயிடமிருந்து வந்த பழைய சமையல் குறிப்பேட்டைப் புரட்டுவார். பல வரிகள் அழிந்திருக்கும். விடுபட்டதைக் கண்டுபிடித்து இட்லியும் புட்டும் செய்வதுதான் நம் வேலை. ஒரு குடும்பத்தின் மொழி, சமையல், ஏக்கம் எல்லாம் அதில் இருக்கிறது.

எப்படிக் காணாமல் போகின்றன?

* ஆன்லைன் கடை மூடப்படும்: 3டிஎஸ், வீ யூ கருவிகளுக்கான கடையில் புதிதாக வாங்குவதை நின்டெண்டோ 2023 மார்ச்சில் நிறுத்தியது.
* சர்வர் அணைக்கப்படும்: 2014இல் வந்த ‘தி க்ரூ’ கேமின் சர்வரை யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியது. தனியாக விளையாடவும் இணையம் வேண்டும் என்பதால், காசு கொடுத்தவர்களும் வெளியே நின்றார்கள்.

நூலகங்கள் காப்பாற்றாதா?

சேமித்து வைக்கலாம். ஆனால் அமெரிக்காவில் ஆய்வாளர்கள் அதைப் பார்க்க நேரில்தான் போக வேண்டும். விற்பனையில் இல்லாத கேம்களைத் தொலைவிலிருந்தே பார்க்க அனுமதி கேட்டார்கள். பொழுதுபோக்குக்கும் பயன்படுத்திவிடுவார்கள் என்ற கவலையைச் சுட்டிக்காட்டி, பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்துவிட்டது.

நீங்கள் கவனிக்க வேண்டியது என்ன?

ஸ்டீமில் ‘வாங்கு’ என்று அழுத்தினால் கிடைப்பது உரிமம் மட்டுமே. கேம் உங்கள் சொத்தாகாது. சர்வரை நிறுத்தினாலும் கேமை விளையாடும் நிலையில் விட்டுச் செல்ல வேண்டும் என்று ஐரோப்பாவில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அது சட்டமாகும்வரை, வாங்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இணையம் இல்லாமல் இது ஓடுமா?

வெண்பாவின் குறிப்பேட்டில் பாதி வரியாவது மிஞ்சியிருந்தது. ‘தி க்ரூ’ வாங்கியவர்களுக்கு அன்று மிஞ்சியது டிஸ்க்கும் பில்லும்தான்.